பெரிய வியாழன் வெந்நீர்

"பிரதர், எனக்குச் சந்தோஷம் வரலை."

இன்னாசி இதைச் சொன்னபோது பிரதர் கிரகோரி ஒரு கிழவரின் பாதத்தை மடியில் வைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சீழ் துடைச்சாச்சு. எச்சில் பாத்திரம் கழுவியாச்சு. கக்கூஸ் கழுவியாச்சு. தாழ்ந்து போறவனுக்குத்தான் உள்ளுக்குள்ள சந்தோஷம் கிடைக்கும்னு தியானத்துல பிரசங்கம் வச்சாங்க. இதுக்கு மேல எங்க தாழ?"

கிரகோரி பஞ்சைத் தட்டில் போட்டார்.

"ஷூவைக் கழற்றுங்க அண்ணே."

"எதுக்கு?"

கிரகோரி கிழவரின் அடுத்த காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இன்னாசி ஷூவைக் கழற்றவில்லை. எழுந்து போய்விட்டான்.

அவனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிரகோரிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிடச் சின்ன ஆளிடம் சீடனாக இருப்பதே பெரிய தாழ்மை என்று இன்னாசி அதையும் தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தான்.

சந்தோஷம் என்ன, ரேஷன் கடைச் சர்க்கரையா, வரிசையில் நின்றால் கிடைப்பதற்கு?

*

அந்த இல்லம் தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது. சுற்றிலும் சிவப்பு மணல், உடைமரம், முள். தொழுநோய் வந்தவர்களுக்காக எப்போதோ கட்டிய வீடு. மருந்து வந்து நோயைக் கொன்றுவிட்டது. விட்டுவிட்டுப் போன சொந்தங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அதனால் குணமானவர்களும் அங்கேயே கிடந்து கிழடாகிச் செத்தார்கள்.

நோய் போனாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. காலில் ஆணி ஏறினால் தெரியாது. விரலை எலி கடித்தாலும் தெரியாது. காலையில் எழுந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அதனால் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எல்லோரும் நீள பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். பிரதர் கிரகோரி ஒவ்வொரு பாதமாகப் பார்ப்பார். அழுத்துவார்.

"வலிக்குதா?"

"இல்ல பிரதர்."

"இங்க?"

"இல்ல."

அடுத்த ஆள். அதே கேள்வி, அதே பதில். கேட்டுக் கேட்டு இன்னாசிக்குச் சலித்துப் போயிருந்தது.

ஒரே ஒரு நாள், புதிதாக வந்த ஓர் ஆள், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "ஸ்ஸ்" என்று காலை இழுத்தான். "வலிக்குது பிரதர்" என்றான்.

பிரதர் கிரகோரி சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவி கன்னத்தில் ஈரம் வழிய, "வலிக்குதாம்ல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் கல்யாணக் களை.

கிரகோரி சிரித்து இன்னாசி பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

*

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் அவனை யாரும் இன்னாசி என்று கூப்பிடுவதில்லை. அருளப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த அன்று அவன் சொன்ன பேர் அது. பொய்ப் பேர்.

அந்த வீட்டில் பொய்ப் பேர் புதிதல்ல. நோயாளி வந்து சேரும்போதே, "சொந்தப் பேரைச் சொல்ல வேண்டாம், வேற ஒண்ணு சொல்லு" என்பார்கள். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு அவமானம் வரக்கூடாதாம். சாகிறவரைக்கும் அந்தப் பேர்தான். கல்லறைச் சிலுவையிலும் அதையேதான் எழுதுவார்கள்.

ஆனால் இன்னாசி நோயாளி இல்லை. அவன் நோயாளியின் மகன்.

பத்தொன்பது வயதில், அப்பா இல்லாத வீட்டில், தங்கைக்குச் சம்பந்தம் கூடி வந்த நேரத்தில், அந்த நோய் வந்து அம்மாவின் காதுமடல் தடித்தது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஓர் உப்பு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த இல்லத்து வாசலில் இறக்கினான்.

"தலையணையை மறந்துட்டோம். எடுத்துட்டு வெயில் சாயுறதுக்குள்ள வந்துருதேன்" என்றான்.

"சரிய்யா" என்றாள் அம்மா.

அவன் திரும்பிப் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள், அங்கேயே அடக்கம் பண்ணியாயிற்று என்று அவனும் சொந்தங்களும் ஊரில் சொன்னார்கள். ஊர் நம்ப வேண்டுமே என்று கோயிலில் ஆன்ம இளைப்பாற்றிப் பூசையும் வைத்தார்கள். உயிரோடு இருக்கிற அம்மாவுக்காக இன்னாசி கறுப்புத் துண்டு போட்டு முன் வரிசையில் முழங்காலில் நின்றான்.

தங்கை கல்யாணம் நடந்தது. அவன் கல்யாணமும் நடந்தது. கடை வைத்தான், பிள்ளைகளைப் பெற்றான், மனைவியை அடக்கம் பண்ணினான். அதன் பிறகுதான் தூக்கம் போனது.

கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு இங்கே வந்தான். அம்மா செத்திருப்பாள் என்று தெரியும். எந்தப் பேரில் செத்தாள் என்று தெரியாது. கேட்கலாம். கேட்டால், "நீங்க யாரு?" என்பார்களே. அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அதனால் கேட்காமலே, எல்லாக் காலையும் கழுவினான். கல்லறைப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஷூவின் கதையும் இதுதான். அவனுடைய இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கும் அப்படியே. பார்த்தவர்கள் யாராவது இன்னும் இந்த வீட்டில் உயிரோடு இருந்தால்?

சித்திரை வெயிலிலும் சாக்ஸ் போட்டு ஷூ போட்டுக்கொண்டு திரிந்தான். கேட்டால், "தொற்று வரக்கூடாதுல்லா" என்பான்.

*

தவக்காலம் வந்தது. ஈஸ்டர் அன்று அவன் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். இனிச் சாகும்வரை இந்த வீடுதான், இந்த மக்கள்தான் என்று பீடத்தின் முன் நின்று சொல்லும் சத்தியம் அது.

பொய்ப் பேரில் எப்படிச் சத்தியம் பண்ணுவது? பயம் பிடித்துக்கொண்டது.

கிரகோரியிடம் இரண்டாம் தடவை போனான்.

"பிரதர், நான் ஊருக்குப் போயிருதேன். சந்தோஷமே இல்லாதவன் எதுக்கு வார்த்தைப்பாடு கொடுக்கணும்?"

"துக்கமாவது இருக்கா?"

இன்னாசி யோசித்தான்.

"அதுவும் இல்ல. உள்ள ஒண்ணுமே தெரியலை. மரத்துப் போன மாதிரி இருக்கு."

கிரகோரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தார்.

"பெரிய வியாழன் வரைக்கும் இருங்க. அப்புறம் போங்க."

"போன வருஷம் அன்னைக்கி நான் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தேன்."

"தெரியும். இந்த வருஷம் மருந்தெல்லாம் வாங்கியாச்சு."

*

எல்லாக் கோயிலிலும் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். இந்த வீட்டில் முறை வேறு. இங்கே நோயாளிகளின் பாதம் தினமும்தான் கழுவப்படுகிறது. அதனால் அன்று மட்டும் நோயாளிகள் பிரதர்மார் பாதத்தைக் கழுவுவார்கள்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. அடுப்பில் காயும் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றி, ஒரு பிரதர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நோயாளி தொட வேண்டும். அவர்களுக்குச் சூடு தெரியாது.

இன்னாசிக்கு வாய்த்தவள் சவேரியம்மா. எழுபதைத் தாண்டியவள். இரண்டு கையிலும் விரல்கள் பாதிக்கு மேல் இல்லை. நாக்கு மட்டும் முழுசாக இருந்தது.

"கழற்றுமய்யா. ஒரு வருசமா மூடி வச்சிருக்கீரே, உள்ள என்ன, புதையலா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

அவன் ஷூவைக் கழற்றினான். வலது சாக்ஸ். பிறகு இடது.

சவேரியம்மா குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இந்த வெரலு" என்றாள்.

இன்னாசி காலை உள்ளே இழுத்தான். அவள் விடவில்லை. மொட்டைக் கையால் அந்தச் சுண்டுவிரலைத் தடவினாள்.

"எங்கூட ஒருத்தி கிடந்தா. அடுத்த கட்டில். ஒவ்வொரு வெரலா விழும்போதும் சொல்லுவா. என் வெரலு போனாப் போவட்டும், எம்மவன் கால்ல ஒண்ணு பத்திரமா இருக்கும்பா. சுண்டுவெரலு மேல ஏறிக் கிடக்கும்பா." நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "உமக்கு அவளைத் தெரியுமாய்யா?"

 சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். பெஞ்சில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றான்.

"ம். ஒலகத்துல ஒரே மாதிரி வெரலு இருக்காதாக்கும்" என்றாள் சவேரியம்மா. ஆனாலும் அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது. யாரோ தெரிந்தவர்களைப் பார்த்துவிட்ட மாதிரி. அந்த அவசரத்தில் அவள் கண்டிப்பை மறந்தாள். பச்சைத் தண்ணீர் விடவில்லை. முழங்கையை விட்டுப் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பிலிருந்து இறங்கிய கெட்டிலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கி அவன் இரண்டு காலையும் வைத்திருந்த பேசினில் ஊற்றினாள்.

கால் வெந்தது.

இன்னாசி பல்லைக் கடித்தான். காலை எடுக்கவில்லை. தெரியாது என்று சொன்ன வாய்க்கு இது வேண்டும் என்று நினைத்தான். வேகட்டும், நல்லா வேகட்டும். இத்தனை வருஷம் கழித்துத் தண்டனை வந்ததே என்று அவனுக்குள் ஒரு திருப்திகூட எட்டிப் பார்த்தது.

"சூடு சரியா இருக்காய்யா?"

"சரியா இருக்கும்மா."

சவேரியம்மா இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். அவன் பாதத்தைப் பிடித்து நிதானமாகத் தேய்த்தாள். அந்த விரலை மட்டும் தனியாக, திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தன் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்த இன்னாசி அதைப் பார்க்கவில்லை.

பார்த்தது கிரகோரி. எட்டுப் பத்து ஆள் தள்ளி இருந்தவர் ஓடி வந்தார். சவேரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கையை வெளியே தூக்கினார். பேசினைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார்.

அவள் கையில் தோல் சிவந்து சுருண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே பிரதர்" என்றாள் அவள், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

கிரகோரி இன்னாசியின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

இன்னாசி அப்போதுதான் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தான். 

"உங்க தவத்துக்கு அந்தம்மா கை எதுக்கு அண்ணே?"

*

 கிரகோரி சவேரியம்மாவின் கையைப் பச்சைத் தண்ணீரில் வைத்திருந்தார். கொப்புளம் கட்டிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே விரல் இல்லாத கை.

இன்னாசி பெஞ்சிலிருந்து இறங்கினான். சேறாகிக் கிடந்த மணலில் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"எனக்கு அவங்களைத் தெரியும்" என்றான்.

சவேரியம்மா நிமிர்ந்தாள்.

"எங்கம்மா. நான்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். தலையணை எடுத்துட்டு வாறேன்னுட்டுப் போனேன். வரலை. உயிரோட இருக்கும்போதே செத்துட்டாங்கன்னு சொல்லிப் பூசை வச்சோம். என் பேரு அருளப்பன் இல்ல."

"பெறவு என்ன?" என்றாள் சவேரியம்மா.

"இன்னாசி."



"வந்த அன்னைக்கி அவகிட்டப் பேரு கேட்டாவ" என்றாள். "சொந்தப் பேரு வேண்டாம், வேற ஒண்ணு சொல்லுன்னாவ. அவ யோசிக்கவே இல்ல. இன்னாசியம்மான்னு எழுதிக்கிடுங்கன்னா."

இன்னாசியின் தலை தொங்கியது.

"தெனமும் வெயில் சாயும்போது வாசல்ல போய் அந்த உடமரத்தடியில இருப்பா. கால் போன பெறவு, என்னைத் தூக்கி வைக்கச் சொல்லுவா."

"கோவம் இருந்துச்சாம்மா?"

"இல்லாம? வாயில வராத வசவு கிடையாது. வையிவா, பெறவு அழுவா, பெறவு உம்ம பேரைச் சொல்லி செபமாலை சொல்லுவா. பத்து மணியும் உமக்குத்தான். எங்களுக்கு ஒரு மணி கேட்டாக் குடுக்க மாட்டா."

"பூசை வச்சது தெரியுமா?"

சவேரியம்மா சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"தெரியும். உங்க ஊர்க்காரி ஒருத்தி சீக்கு வந்து இங்க வந்தா, அவ சொன்னா. அன்னைக்கி பூரா இன்னாசியம்மா சோறு திங்கல. சுவத்தைப் பாத்துக் கிடந்தா. மறுநாளு அவளே சிரிச்சிக்கிட்டுச் சொன்னா: எனக்குப் பூசையும் ஆச்சு, இனிச் சாவுக்குப் பயமில்லன்னு."

அப்போதுதான் வந்தது. எங்கோ ஆழத்தில் மூடிக் கிடந்தது உடைந்தது. ஐம்பது வயது ஆம்பளை, ஊரில் நாலு பேர் மதிக்கும் கடைக்காரன், சேற்றில் முகத்தை வைத்துக் கதறினான். பெஞ்சில் இருந்த கிழடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்தன. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போன ஒருவன் திரும்பி வந்து அழுவதை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவரவர் மகனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாயப் போகிற நேரம். கட்டுப் போட்ட கையோடு சவேரியம்மா முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான், வெந்த காலோடு, செருப்பில்லாமல். கல்லறையில் மூன்றாவது வரிசை. சிமெண்டுச் சிலுவை ஒன்றில் அவனுடைய பேர் எழுதியிருந்தது, அம்மாவுடையதாக.

"வெயில் சாயுறதுக்குள்ள வந்துட்டான், பாத்துக்க" என்றாள் சவேரியம்மா, கல்லறையிடம்.

*

மறுநாள் பெரிய வெள்ளி. பீடம் வெறுமையாக இருந்தது. மணி அடிக்கவில்லை. ஆனால் புண்ணுக்கு விடுமுறை கிடையாது. நீள பெஞ்சில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

இன்னாசியும் வரிசையில் உட்கார்ந்தான், சவேரியம்மாவுக்குப் பக்கத்தில். இரண்டு காலும் வீங்கிக் கொப்புளமாகக் கிடந்தன. அவள் மடியில் கட்டுப் போட்ட இரண்டு கைகள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

கிரகோரி ஒவ்வொரு பாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல பிரதர்."

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"எனக்கு எங்க வலிக்குது" என்றாள் சவேரியம்மா. "அந்தா, அவருகிட்டக் கேளும்."

கிரகோரி இன்னாசியின் முன்னால் முழங்காலிட்டார். இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். சுண்டுவிரலுக்குக் கீழே, கொப்புளத்தின் ஓரத்தில், பெருவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதா இன்னாசி அண்ணே?"

"வலிக்குது பிரதர்" என்றான் இன்னாசி. "ரொம்ப வலிக்குது."

பிரதர் கிரகோரி சிரித்தார்.